அரைகுறைப் படிப்பா?

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் பண்டமாரான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் பயில விரும்பும் பிள்ளையை நோக்கி, "அது மொழியும் அன்று, வரலாறும் அன்று, எல்லாம் கலந்த அரைகுறைப் படிப்பு" என்பர். மருத்துவமும் பொறியியலும் கிட்டாதவர்க்கே அத்துறை என்னும் எண்ணம் பெற்றோரிடம் மட்டுமா உள்ளது? தமிழாசிரியர் சிலரும் அதனையே ஓதுகின்றனர். தமிழால் சோறுண்போர் இவ்வாறு பேசுதல் நாணத்தக்கது.

பல துறைகளைத் தொடுவது நுனிப்புல் மேய்தல் என்பது அவர்தம் வாதம். அதனை மறுக்கத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். கொந்தளிப்பை அடக்கப் படை வந்தது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கும் வழக்கத்திற்கு முடிவு ஆகியன அவர்தம் கோரிக்கைகளுட் சில. இதனை விளக்கப் புகுவோன் எத்துறையினன்? கூலியும் ரப்பர் விலையும் பொருளியல். மிதிவண்டிச் செய்தி சமூகவியல். அரசின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தொழிலாளர் நெஞ்சமோ தமிழில் பேசியது. தமிழறியா வரலாற்றாசிரியன் அதிகாரிகளின் குரலையே கேட்பான். வரலாறறியாப் புலவனோ ஒரு புலம்பல் பாடி எழுந்து போவான்.

அத்துறை எவரோ இட்ட பிச்சையும் அன்று. பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அங்குத் தமிழுக்கு இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என நிதி திரட்டினார். எளிய மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர். 1956இல் துறை தோன்றியது. 1961இல் தனிநாயக அடிகள் தலைமையேற்றார். அடிகள் உரோமையில் இறையியலும், அண்ணாமலையில் இலக்கியமும், இலண்டனில் கல்வியியலும் கற்றவர். அவரை நுனிப்புல் மேய்ந்தவர் என்று சொல்லத் துணிவார் உளரோ? 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியது அப்பரந்த கல்வியே.

பழி முழுவதும் பெற்றோர்க்கு உரியதன்று. எளிதில் தேறலாம் என்று அங்குப் புகுந்து, கடினமான பாடங்களை ஒதுக்கி, பழைய வினாத்தாள்களை மனனம் செய்து வெளியேறும் மாணவரும் உளர். இவர்களைக் காட்டியே ஊரார் துறையை இகழ்கின்றனர். இப்பட்டம் ஒன்றே ஆசிரியப் பணியைக் கையில் வைத்துவிடாது என்பதும் மெய்தான். கல்வியியல் தகுதியும் வேண்டும். இதனை ஆறாம் படிவத்திலேயே மாணவர்க்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் அனுப்பிவிட்டு, பின்னர் வேலையில்லை என்று கைகொட்டிச் சிரிப்பது என்ன நேர்மை?

கிள்ளானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளும் கோயில் கணக்கேடுகளும் எவர் வீட்டுப் பெட்டியிலோ கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. அவற்றைத் தேடியெடுத்துப் படிக்க வல்ல பிள்ளை இவ்வாண்டும் ஏதோ ஒரு வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அப்பிள்ளையிடம், "அந்தப் படிப்பு உனக்கு எதற்கு?" என்று முதலில் கேட்பவர் அதன் தமிழாசிரியராகவே இருக்கிறார்.