திறந்த கோப்புகளும் எழுதிய கைகளும்

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க வேறு இடமின்றிக் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறிக்கொண்டார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் கோளாறாகித் தானாக ஓடியது. இருவரும் நசுங்கிச் செத்தார்கள். பதினோராவது நாள், சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள்.

அவர்களுக்குத் துணையாகத்தான் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸுக்கு வந்தார். ஏப்ரல் 4 மாலை, லொரைன் விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் நின்றிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 39.

அந்தக் கொலை தொடர்பான 2,30,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை அமெரிக்க அரசு 2025 ஜூலை 21 அன்று வெளியிட்டது. உளவுத்துறையான எஃப்.பி.ஐ.யின் விசாரணைக் குறிப்புகள், துப்புகள், உள் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. 57 ஆண்டுகள் கழித்தாவது வந்ததே என்று மகிழலாம். ஆனால் கிங்கின் பிள்ளைகள் மகிழவில்லை. வெளிப்படைத்தன்மையை ஆதரிக்கிறோம், ஆனால் தந்தையின் பெயரைக் கெடுக்க இந்தக் காகிதங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். கொலையுண்டவரின் வீட்டார் ஏன் அஞ்ச வேண்டும்?

காரணம் பழையது. 1963 அக்டோபரில், அன்றைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் அனுமதியோடு கிங்கின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. அவர் தங்கிய விடுதி அறைகளில் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டன. 1964 நவம்பரில், அவர் நோபல் அமைதிப் பரிசு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, எஃப்.பி.ஐ. ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பியது. கறுப்பினத்தவர் ஒருவரே எழுதியதுபோல எழுதப்பட்ட அந்தக் கடிதத்தோடு ஒரு ஒலிநாடாவும் இருந்தது. உயிரை மாய்த்துக்கொள் என்று மிரட்டுவதாகவே கிங் அதைப் புரிந்துகொண்டார். இது வதந்தி அல்ல. 1975-76இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான நாடாளுமன்றக் குழு விசாரித்து வெளிக்கொண்டுவந்த உண்மை.

உயிரோடு இருந்தவரை அவரை ஒழிக்கப் பார்த்த அதே துறைதான், அவர் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கொலையை விசாரித்தது.

ஜேம்ஸ் ஏர்ல் ரே என்ற வெள்ளையர் 1969 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டு தண்டனை பெற்றார். மூன்றே நாளில் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். 1979இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, சுட்டவர் ரேதான், ஆனால் சதி இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. 1999இல் மெம்பிஸ் உரிமையியல் வழக்கில் நடுவர் குழு, அரசு அமைப்புகளையும் உள்ளடக்கிய சதி நடந்தது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நீதித்துறை அமைச்சகம் அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று மறுத்தது. குடும்பத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது.

இதில் இரண்டு வகைக் காகிதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொலை பற்றியவை ஒரு வகை. கொலைக்கு முன்பு அரசு அவருடைய படுக்கையறை வரை நுழைந்து திரட்டியவை இன்னொரு வகை. ஒட்டுக்கேட்ட பதிவுகளை 50 ஆண்டுகள் மூடி வைக்க 1977இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தக் கெடு 2027இல் முடிகிறது. அவையும் வெளிவரும் நாளில், கிங்கின் அந்தரங்கத்தைத் தேடி ஒரு கூட்டம் ஓடும். கொன்றது யார், வேட்டையாடியது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போகும். முதல் வகை முழுமையாகத் திறக்கப்பட வேண்டும். இரண்டாம் வகையைப் படிப்பவர்கள், அது கிங்கின் வாழ்க்கை வரலாறு அல்ல, அரசின் குற்றத்துக்கான சாட்சியம் என்ற நினைவோடு படிக்க வேண்டும்.

நம் சேரிகளில் எஃப்.ஐ.ஆர். படித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடி வாங்கியவர் பெயர் எதிரிப் பட்டியலில் இருப்பதையும், ஊரே சேர்ந்து தாக்கியது 'இரு தரப்பு மோதல்' ஆவதையும் பார்த்திருக்கிறோம். காகிதத்தில் இருப்பது எல்லாம் பொய் அல்ல. எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று கேட்காமல் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

1959இல் இந்தியா வந்த கிங்கை, திருவனந்தபுரத்தில் தீண்டப்படாத குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், யோசித்தபோது ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்ததாகவும் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் கிங்கே சொன்னார். அந்த உறவின் உரிமையில்தான் அவருடைய கோப்புகளை நாம் பேசுகிறோம்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 8(3)-இன்படி, 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு, அமைச்சரவை ஆவணம் போன்ற சில விலக்குகள் தவிர, கேட்பவருக்குத் தர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. உங்கள் ஊரில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசும் பழைய சம்பவம் ஒன்று இருக்கும். அதன் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கையில் வந்ததும் அந்தப் பெரியவர்களிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். எங்கே தவறு என்று அவர்கள் சொல்வதையும் ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.