காக்பிட் கதவும் கடைசி பெஞ்ச் மாணவரும்

12-ம் வகுப்பு முடித்தவர்களைத் தேர்வு செய்து, பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, உரிமம் பெற்றதும் துணை விமானியாகச் சேர்த்துக்கொள்ளும் 'கேடட் பைலட்' திட்டங்களை இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. 2023-ல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அடுத்த 15, 20 ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் 2025-ல் சொன்னார். அந்த 30,000 பேரில் நம் காலனிகளிலிருந்து போகிறவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. ஏர் இந்தியா அரசு நிறுவனமாக இருந்தவரை அதன் விமானிப் பணிக்கான விளம்பரங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான இடங்கள் தனியாகக் குறிப்பிடப்பட்டன. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதோடு அந்த வரியும் போயிற்று. தனியார் துறையில் இட ஒதுக்கீட்டுக்குச் சட்டம் இல்லை. ஆக, எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இரண்டு, மூன்று பேர்தான்.

முதலில் பணம். கேடட் திட்டங்களின் மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தொடுகிறது, சிலவற்றில் தாண்டுகிறது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் வணிக விமானி உரிமப் படிப்பும் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வித் திட்டத்திலும் அது இடம்பெற்றிருந்தது. ஆனால் அதில் தனியார் பறத்தல் பள்ளிக்கு விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாயாக இருந்தது. உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறக்க வேண்டும். இந்தத் தொகை எரிபொருளுக்கே போதாது. பக்கத்துக் கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்கு 'விங்ஸ்' என்ற பெயரில் அரசே உதவுகிறது. இங்கே தாட்கோ விமான நிலையச் சேவைப் பணிகளுக்கு இலவசப் பயிற்சி அறிவிக்கிறது. நல்ல காரியம். அந்த அக்கறை காக்பிட் வரை நீள வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

ஒரு மாற்று வழி, உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி நிறுவனம். அங்கே சேர்க்கையில் இட ஒதுக்கீடு உண்டு. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. கட்டணம் அங்கேயும் லட்சங்களில்தான்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப் பார்வைக் குறைபாடு போன்றவை பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் குடும்பம் தாங்காது. இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள், அந்த இரு பாடங்களையும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம்.

இனி நேர்காணல். கணினித் திறன் தேர்வு, குழுச் செயல்பாடு தாண்டித்தான் அங்கே வருவீர்கள். 'ஏன் விமானியாக வேண்டும்?' என்ற கேள்வி நிச்சயம். 'சின்ன வயதுக் கனவு' என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். அப்பாவோடு போர்வெல் மோட்டாரைக் கழற்றிப் பூட்டியது, கபடி அணியை வழிநடத்தியது, இரவுப் பாடசாலையில் சிறுவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது என நீங்கள் உண்மையில் செய்த ஒன்றிலிருந்து பதில் தொடங்கட்டும். என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் அவர்கள் எதிர்பார்ப்பது தெளிவு. கான்வென்ட் உச்சரிப்பு தேவையில்லை. சர்வதேச விதிப்படி நான்காம் நிலை ஆங்கிலம் போதும். தமிழ் வழியில் படித்தவர் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசினால் எட்டக்கூடியதே.

இன்னொரு கேள்வி நம் பிள்ளைகளைத் தனியாகச் சோதிக்கும்: 'கேப்டன் தவறு செய்கிறார் என்று தெரிகிறது. நீங்கள் ஜூனியர். என்ன செய்வீர்கள்?' இதன் வேர் 1977 மார்ச் 27-ல் இருக்கிறது. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்படும் அனுமதி கிடைக்காமலே கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் கிளம்பினார். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகியதா என்று பொறியாளர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொல்ல, அதற்கு மேல் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், சிறியவர் பெரியவரை மரியாதையோடும் உறுதியோடும் தடுத்துப் பேசுவது விமானிப் பயிற்சியின் பாடமானது. ஊர்த்தெருவில் குரலைத் தாழ்த்தியே பேசப் பழக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு இது வெறும் நேர்காணல் கேள்வி இல்லை. பதில் எளிது: முதலில் பார்த்ததைச் சொல்வேன், கேட்காவிட்டால் அழுத்திச் சொல்வேன், உயிருக்கு ஆபத்து என்றால் நடைமுறைப்படி கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வேன். அதைத் தடுமாறாமல் சொல்லத்தான் பழக்கம் வேண்டும்.

அப்பாவின் தொழில், ஊர், தெரு பற்றிய கேள்விகளும் வரலாம். கூச்சமின்றி ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். 2025 ஜூனில் பெங்களூருவைச் சேர்ந்த பட்டியலினப் பயிற்சி விமானி ஒருவர், தன்னைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக இண்டிகோ அதிகாரிகள் மீது புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவானது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று நிறுவனம் மறுத்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், அந்தச் சட்டம் கண்ணாடி மாளிகை அலுவலகத்துக்கும் பொருந்தும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாதம் ஒரு மாதிரி நேர்காணல் நடத்தப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், ஆங்கிலம் பேசும் இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாவட்ட நல அலுவலர் நினைத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.