ஊசி போட்டும் குட்டி இறந்தது ஏன்?

"தோட்டக் காவலுக்கு வாங்கி வந்த 2 மாத நாய்க்குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டோம். 3 வாரம் கழித்து வாந்தி, ரத்தக் கழிச்சல் கண்டு இறந்துவிட்டது. ஊசி வீண் செலவு என்கிறார்கள். அடுத்த குட்டி வாங்கலாமா?"
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

அறிகுறிகளைப் பார்த்தால், 'பார்வோ' வைரஸ் தாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெருநாய் என எந்தக் குட்டியையும் இது விடாது. ஊசி வீணல்ல, ஒரே ஊசியோடு நிறுத்துவதில்தான் சிக்கல்.

தாயின் சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் குட்டியின் உடலில் இருக்கும். அது நோய்க்கிருமியைத் தடுப்பதுபோலவே, தடுப்பூசி மருந்தையும் வேலை செய்ய விடாது. சில குட்டிகளுக்கு அந்தச் சக்தி 8 வாரத்தில் தீரும். சிலவற்றுக்கு 14 வாரம்கூட ஆகும். வெளியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் 6-8 வார வயதில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில், 16 வார வயது முடியும்வரை திரும்பப் போடுகிறார்கள். பிறகு ஓராண்டு வயதில் ஒன்று.

ஊசிக்கு முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருக்க வேண்டும். சோர்வாக, காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்கு ஊசியைத் தள்ளிப்போடலாம். மருந்துக் கடையில் வாங்கினால் ஐஸ் பெட்டியில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். வெயிலில் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போன ஊசி பலன் தராது.

இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டியும் வரும். ஃபினாயிலுக்குச் சாகாது. இறந்த குட்டி படுத்த சாக்கை எரித்துவிட வேண்டும். சிமென்ட் தரை, தட்டு ஆகியவற்றை நன்கு கழுவி, லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, 10 நிமிடம் கழித்துக் கழுவலாம். மண் தரையை இப்படிச் சுத்தப்படுத்த முடியாது. எனவே, 16 வாரம்வரையிலான ஊசிகளை முடித்து, 2 வாரம் கடந்த குட்டியை வாங்குவதே பாதுகாப்பு. வாங்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குட்டி தீனி எடுக்காமல் வாந்தி எடுத்தால், கழிச்சலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வைரஸைக் கொல்லும் மருந்து கைவசம் இல்லாவிட்டாலும், உடனே குளுக்கோஸ், சலைன் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கும். இந்த நோய் மனிதர்களுக்கோ ஆடு, மாடுகளுக்கோ பரவாது. வெறிநோய்த் தடுப்பூசி வேறு. 3 மாத வயதில் அதையும் தவறாமல் போட வேண்டும்.