படம் மட்டும் வரலியே!

அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் பேச்சிலேயே தருகிறேன், மாற்ற மனம் வரவில்லை.

“மவ மஸ்கட்டுல இருக்கா. பேரனுக்கு அரைஞாண் கெட்டுன படமெல்லாம் மெயில்ல அனுப்பிருக்கா. மவன் விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்லதான் பாக்கேன். எழுத்தெல்லாம் வருது. படம் இருக்க வேண்டிய எடத்துல வெறுங் கட்டமும், மூலையில ஒரு சின்ன சிவப்புப் பெருக்கல் குறியும்தான் தெரியுது. ‘பாத்தியாம்மா?’ன்னு அவ போன்ல கேக்கா. ‘பாத்தேன் மக்களே’ன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும் பாக்கல.”

அக்கா, உங்கள் கம்ப்யூட்டர் பழுதாகவில்லை. நீங்கள் எதையும் தப்பாக அழுத்தியும் விடவில்லை. ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். சமாசாரம் வேறே.

ஒரு மெயிலில் படம் இரண்டு விதமாய் வரும். ஒன்று, உறைக்குள் போட்டோவையே வைத்து ஒட்டி அனுப்புவது மாதிரி, படமும் கடிதத்தோடு கூடவே வந்துவிடும். மற்றது, போட்டோவை வைக்காமல், “படம் இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்” என்று ஒரு சீட்டு மட்டும் வைப்பது. நீங்கள் கடிதத்தைத் திறந்ததும் மெயில் புரோகிராம் அந்தச் சீட்டைப் படித்து, இன்டர்நெட்டில் அந்த இடத்துக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து காட்ட வேண்டும். வெறும் கட்டம் தெரிந்தால் பெரும்பாலும் சீட்டு வந்துவிட்டது, படம் எடுத்து வரப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் எடுத்து வரவில்லை? அநேகமாக வேண்டுமென்றேதான். அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற புரோகிராம்கள் வெளியிலிருந்து வர வேண்டிய படங்களை முதலில் தடுத்தே வைக்கும். அதற்குக் காரணம் உண்டு. விளம்பரக்காரர்களும் ஏமாற்றுக்காரர்களும் கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளி அளவில் ஒரு படத்தை மெயிலில் செருகி அனுப்புவார்கள். உங்கள் கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியை எடுக்கப் போனதுமே, “இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறது, கடிதத்தைத் திறந்து படிக்கிறது” என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். மத்தியானத்தில் கதவைத் தட்டி “தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நோட்டம் பார்க்கிறவன் இல்லையா, அதே வேலைதான். அதனால் இந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். கொஞ்சம் கெடுபிடியான காவல்காரன், அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கடிதத்துக்கு மேலே, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பட்டை தெரிகிறதா பாருங்கள். அவுட்லுக்காக இருந்தால் அதைத் தொட்டதும் ‘டவுன்லோட் பிக்சர்ஸ்’ என்று வரும். தண்டர்பேர்டில் ‘ஷோ ரிமோட் கன்டென்ட்’. ஜிமெயிலில் இந்தத் தடை போட்டிருந்தால் ‘டிஸ்ப்ளே இமேஜஸ் பிலோ’ என்றிருக்கும். பக்கத்திலேயே, இன்னாரிடமிருந்து வரும் படங்களை எப்போதும் காட்டு என்று சொல்லவும் வழி இருக்கும். மகள் பெயருக்கு அந்த அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். ஊரில் உள்ள எல்லாருக்குமாகக் கதவைத் திறந்து போட வேண்டாம்.

ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்தே படங்களைத் தானாகக் காட்டுகிறது. கூகுளின் கம்ப்யூட்டரே போய் எடுத்து வந்து கொடுப்பதால், நீங்கள் எந்த ஊரிலிருந்து பார்க்கிறீர்கள் என்பது எதிராளிக்குத் தெரியாது. செல்போனில் ஜிமெயிலில் படம் வரவில்லையென்றால் மேலே மூன்று கோட்டைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், உங்கள் விலாசத்தைத் தொட்டு, ‘இமேஜஸ்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். போனில் டேட்டா சேவர் போட்டிருந்தாலும் படம் வரத் தயங்கும். கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தாலும் படத்தைக் காட்டமாட்டார்கள்.

இத்தனையும் செய்து படம் வரவில்லையா? அப்படியானால் கோளாறு மஸ்கட்டில். மகள் தன் ஆல்பம் பக்கத்திலிருந்து படங்களைக் காப்பி எடுத்து அப்படியே கடிதத்தில் ஒட்டியிருப்பாள். அந்த ஆல்பத்துக்குச் சாவி அவள் கையில்தான். ஆகவே அவளுக்கு எல்லாப் படமும் அழகாகத் தெரியும், உங்களுக்குக் கட்டம்தான் தெரியும். இங்கேதான் அக்கா, நீங்கள் ‘பாத்தேன்’ என்று சொன்னது காரியத்தைக் கெடுக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரிய வழியே இல்லை. “எனக்குக் கட்டம்தான் மக்களே தெரியுது, ஒட்டாம அட்டாச் பண்ணி அனுப்பு” என்று சொல்லுங்கள். பேப்பர் கிளிப் மாதிரி ஒரு படம் இருக்குமே, அதைத் தொட்டுச் சேர்த்து அனுப்பினால் படம் கடிதத்தோடு கூடவே வரும்.

மெயிலில் படம் சேர்த்து அனுப்புவதே ஒரு காலத்தில் பெரும்பாடு. அதற்கு ஒரு பொது முறையை 1992-ல் வகுத்தவர்கள் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ‘மெயிலில் படம் எதற்கு?’ என்று கேட்டவர்களிடம் போரன்ஸ்டைன், பின்னால் எனக்குப் பேரக் குழந்தைகள் பிறப்பார்கள், அவர்கள் படம் மெயிலில் வர வேண்டும் என்று சொல்வாராம். பாட்டிமார் சங்கத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்! மெயிலில் தமிழ் எழுத்து ஒழுங்காய் வருவதற்கும் அந்த முறைதான் வழி செய்தது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்காதீர்கள். மேலே சொன்ன பட்டை உங்கள் புரோகிராம் காட்டுவது. கடிதத்துக்கு உள்ளே ‘படம் தெரிய இங்கே அழுத்தவும்’ என்று ஒரு பொத்தான் இருந்தால், அது அனுப்பியவன் போட்டது. பேங்க், கரண்டு பில், பார்சல் என்று தெரியாத இடத்திலிருந்து வந்த கடிதத்தில் அதைத் தொடவே வேண்டாம். தொட்டுப் பணம் போய்விட்டதென்றால், வீட்டுக்காரர் திட்டுவாரே என்று பயந்து மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடித்து வைப்பது கஷ்டம்.

சில சகோதரிகள், “வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு?” என்று கேட்கலாம். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கிவிடும். போனில் பார்க்க அது போதும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் பெரிதாக்கினால் மங்கும். அங்கேயும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காது.

ஐபோன் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2017-க்குப் பின் அந்தப் போன்கள் பலவும் ‘ஹெய்க்’ என்ற புதுவிதமாகப் படத்தைச் சேமிக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் அது திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்தால், இனிமேல் எடுக்கும் படங்கள் எல்லா இடத்திலும் திறக்கும் ‘ஜேபெக்’ ஆக வரும். ஒரே கடிதத்தில் 25 எம்பிக்கு மேல் ஜிமெயில் சேர்க்காது. அதற்கு மேல் போனால் டிரைவ் என்ற இடத்தில் வைத்து வெறும் சீட்டைத்தான் அனுப்பும், மறுபடியும் சாவிப் பிரச்சினை. ஆகவே படங்களை நாலைந்தாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கம்ப்யூட்டரில் தனியே ஒரு ஃபோல்டரில் சேமித்து, ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள்.