பால் பல்லு விழாத குதிரைக்கு எதுக்குப் பந்தயம்?

எங்க பக்கம் பல்லு போடாத கன்னுக்கு ஏர் பூட்ட மாட்டோம். வாயைப் பிடிச்சுப் பார்த்து, பால் பல்லு விழுந்து ரெண்டு பல்லு முளைச்சிருந்தாத்தான் கழுத்துல நுகத்தடி ஏறும். குதிரைக்கு முதல் ஜோடி நிலைப்பல்லு முளைக்க ஏறக்குறைய ரெண்டரை வயசாகும். ஆனா ரெண்டு வயசுக் குதிரைகளுக்குன்னே தனிப் பந்தயம் வச்சிருக்காங்க. அதுக்கு எலும்பு முழுசா முத்த அஞ்சாறு வயசு ஆகணும். அந்த வயசுக்குள்ள பல குதிரைகளோட பந்தய வாழ்க்கையே முடிஞ்சு போகுது.

குதிரை 25 வருஷம், அதுக்கு மேலயும் வாழும். ஓடினது மூணு நாலு வருஷம். மிச்சம் 20 வருஷத்துக்குத் தீனி யார் போடுவாங்க?

ஜல்லிக்கட்டு கொடுமைன்னு எங்களுக்குப் பாடம் எடுத்த நகரத்து நண்பர்களைக் கேக்கிறேன். 2011-ல் காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகள் பட்டியலில் மத்திய அரசு காளையைச் சேர்த்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. அந்தப் பட்டியலில் கரடி, குரங்கு, புலி எல்லாம் இருக்கு. குதிரை இல்லை.

குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-லேயே சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 1996-ல் பந்தயத்துக்குச் சாதகமாத் தீர்ப்பு சொன்னது. பந்தயம் சூதாட்டமா, திறமையா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. திறமைன்னு தீர்ப்பு வந்தது. சரி, திறமை காட்டின ஜீவனுக்குக் கடைசிக் காலத்தில் என்ன? அதை யாரும் கேக்கல. 2024-ல் கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு கையில் எடுத்தப்பவும் பேச்செல்லாம் 160 ஏக்கர், குத்தகை பாக்கி, குளம், பூங்கா. குளம் வெட்டுறது நல்லதுதான். அங்க ஓடின குதிரைங்களைப் பத்தி எத்தனை பேர் பேசினீங்க?

தோத்த குதிரைக்குத்தான் இந்தக் கதின்னு நினைக்காதீங்க. ஃபெர்டினாண்ட், 1986-ல் அமெரிக்காவின் கென்டகி டெர்பியை ஜெயிச்ச குதிரை. மறுவருஷம் அந்த நாட்டின் சிறந்த குதிரைன்னு விருது. பிறகு இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு வித்தாங்க. அங்க அதுக்கு மவுசு குறைஞ்சது. 2002-ல் இறைச்சிக்கூடத்துக்குப் போயிடுச்சுன்னு அடுத்த வருஷம்தான் வெளியே தெரிஞ்சது. ராஜாவுக்கே அந்த முடிவுன்னா, கடைசியா ஓடி வந்ததுக்கு என்ன முடிவு?

“நீங்க மட்டும் கிழட்டு மாட்டை அடிமாட்டுக்கு விக்கலியா?”ன்னு கேப்பீங்க. விக்கிறோம். வைக்கோல் வாங்கக் காசில்லாதவன், மகள் கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிறவன் விக்கிறான். வித்த அன்னிக்கு அவன் வீட்டில் சோறு இறங்காது. குதிரை வச்சிருக்கிறவர் அந்த நிலைமையிலா இருக்கார்? பல லட்சம் போட்டு வாங்குறவருக்கு, ஓய்ஞ்சதுக்கு அப்புறம் தீனி போடறது மட்டும் பாரமா?

வழி இல்லாமல் இல்லை. பந்தயக் குதிரை ஒவ்வொண்ணுக்கும் தாய், தகப்பன் வரைக்கும் பதிவேடு இருக்கு. அதே பதிவேட்டில் கடைசியா எங்க போச்சுன்னும் எழுதச் சொல்லுங்க. கட்டுற பணத்தில் அரசு வரி எடுக்குதே, அதே மாதிரி ஒரு பங்கு குதிரையோட தீனிக்குன்னு எடுங்க. ஓய்ஞ்ச குதிரைகளுக்கு மறுபயிற்சி கொடுக்க பிரிட்டன் பந்தயத் துறை 2000-லேயே ஓர் அமைப்பைத் தொடங்கிடுச்சு.

இதுவும் முடியாதுன்னா பந்தயத்தை நிறுத்துங்க. கடைசி வரைக்கும் காப்பாத்த மனசில்லாதவன், ஒரு ஜீவன் முதுகுல பணம் கட்டக் கூடாது.