புல்லை மிதிக்காதே!

புல்லை மிதிக்காதே! பூவைப் பறிக்காதே! பந்து ஆடாதே! மிதிவண்டி ஓட்டாதே!

சிறைக்கூடத்துச் சட்டம் அல்ல, தோழர்களே! பூங்காவின் அறிவிப்புப் பலகை! மக்களின் வரிப்பணத்தில், மக்களின் நலத்துக்கென்று, மாலையும் மேளமும் முழங்கத் திறந்துவைக்கப்படும் பூங்கா! உள்ளே நடுவில் ஒரு நீரூற்று, நீர் இல்லை. சுற்றிலும் புல்வெளி; கால் வைக்கக் கூடாது. மூலையில் ஒரு சிமென்ட் யானை, ஏறக் கூடாது. அமர்வதற்கு மட்டும் நீள நீளமாய் இருக்கைகள். வருக, அமர்க, பார்க்க, செல்க! கையும் காலும் தமக்கு உண்டு என்பதை மறந்து செல்க!

அரண்மனைத் தோட்டம் இப்படித்தான் இருந்தது. ஆண்டவன் பார்த்து மகிழ மலர்ந்தது. உழைத்தவன் கையில் மண்வெட்டி இருந்தது. அரண்மனை ஊராம் எட்டயபுரத்திலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு அந்த வேறுபாடு நன்றாகவே விளங்குகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீனை ஒழித்தது. ஜமீன் தோட்டத்தின் மனப்பான்மையோ பொறியாளரின் வரைபடத்திலே குடியேறி வாழ்கிறது!

மக்கள் பெயரைச் சூட்டினால் போதுமா? சென்னையில் ஆளுநர் ட்ரெவெலியன் 1859இல் தொடங்கிய பூங்காவுக்கு 'பீப்பிள்ஸ் பார்க்' என்றே பெயர். பரப்பு நூறு ஏக்கருக்கும் மேல். 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை எழுந்தது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. மக்கள் நடந்த மண்ணில், பிறர் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டும் படிக்கட்டுகள் முளைத்தன!

வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 2022ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்டு, 2024இல் லான்செட் குழும இதழொன்றில் அறிஞர்கள் வெளியிட்டனர். இந்தியாவில் அந்த அளவை எட்டாதோர் ஏறத்தாழப் பாதிப் பேர். ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57! "விடியுமுன் எழுந்து வேலை பார்ப்பவளா உடல் அசையாதவள்?" என்று சீறுவோர் உண்டு. அடுப்படியில் நின்று கால் கடுப்பது வேறு. கை வீசி நடந்து நெஞ்சு விரிவது வேறு. தீப்பெட்டி ஆலையில் குந்தியிருந்து, விரல் மட்டும் பறக்க உழைத்துத் திரும்பும் பெண்ணைக் கேளுங்கள், சொல்வாள்.

"நடக்கட்டுமே! வாயிலில் 'பெண்கள் வரக் கூடாது' என்று எழுதியா வைத்திருக்கிறோம்?" என்பர் ஆடவர். எழுத வேண்டியதில்லை, ஐயன்மீர்! ஒரே ஒரு வாயில், அதன் எதிரே நீண்ட இருக்கை, இருக்கையிலே நாள்தோறும் ஓர் இளைஞர் கூட்டம், போதாதா? விளக்கில்லா மூலை, கழிப்பறை இல்லாத வளாகம், திடல் முழுவதையும் விழுங்கிய மட்டைப்பந்து. இவையெல்லாம் எழுதாத பலகைகள்! ஐந்தாம் வகுப்பு வரை பையன்களை முந்தி ஓடிய சிறுமி, எட்டாம் வகுப்பில் சுவரோரம் நின்று புத்தகத்தால் நெஞ்சை மறைத்துக்கொள்கிறாள். அவள் கால்களை யார் கட்டினார்?

வியன்னா நகரத்தார் 1990களில் இதே கேள்வியைக் கேட்டனர். பத்து வயதைத் தொட்டதும் சிறுமியர் பூங்காக்களை விட்டு மறைவதைக் கண்டனர். "பெண்ணின் இயல்பு" என்று ஏட்டை மூடிவிடவில்லை. 1999இல் ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இரண்டைத் திருத்தி அமைக்க முனைந்தனர். வலுத்தவன் வளைத்துக்கொள்ளும் ஒற்றைத் திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தனர், நடைபாதை அமைத்தனர், இறகுப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் ஒதுக்கினர். சிறுமியர் திரும்பி வந்தனர். பையன்களை விரட்டவில்லை, இயல்பும் மாறவில்லை. மாறியது வரைபடம்!

"பேரூராட்சிக்கு இடமேது, பணமேது?" என்று கை விரிப்போருக்கு இன்னொரு சான்று. கனடாவின் வாட்டர்லூ நகரில் 33 பூங்காக்களை ஆராய்ந்து 2008இல் ஒரு முடிவு வெளியிட்டனர். மக்கள் உடலை இயக்குவது பூங்காவின் பரப்பைப் பொறுத்ததும் அன்று, வீட்டிலிருந்து அதன் தொலைவைப் பொறுத்ததும் அன்று. உள்ளே என்ன வசதி உண்டு என்பதைப் பொறுத்தது. அவற்றுள்ளும் தளமிட்ட நடைபாதையே முதன்மை பெற்றது.

நம் கரிசலோ மழையில் காலைப் பற்றும். கோடையில் வாய் பிளக்கும். சரளை கொட்டி உயர்த்திய பாதை இங்கே ஆடம்பரம் அன்று, அடிப்படை. தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் புல்வெளிக்குப் பதில் வேம்பும் புங்கையும் நடுங்கள். குழந்தைகள் ஆடுமிடத்தைச் சுற்றியே பாதை செல்லட்டும். பிள்ளையின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே தாய் நடப்பாள். (நீரூற்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் விளக்கே போடலாம்!)

2022 தேர்தலில் தமிழகத்துப் பேரூராட்சி மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. அந்த உறுப்பினர்களைக் கேட்கிறேன்: அடுத்த பூங்காவுக்கான தீர்மானம் மேசைக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். வாயில் எத்தனை? விளக்கு எங்கே? கழிப்பறை எந்தப் பக்கம்? எங்கள் மகள் பந்து ஆடும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், பொறியாளரே!