யாருடைய மூட்டை, யாருடைய சைக்கிள்?



வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அந்தச் சட்டத்தில் 'சைக்கிள்' என்ற சொல் இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 1989-ஆம் ஆண்டுச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. அப்போது பிரிவு 3(1)-இல் புதிய குற்றங்கள் சேர்க்கப்பட்டன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைத் தடுப்பது அவற்றில் ஒன்று. செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம்.

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சைக்கிளைப் பெயர் சொல்லிக் காப்பாற்ற வேண்டிவந்தது ஏன்? 2006-இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை பற்றிய ஆய்வு நூல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து எழுதப்பட்டது. அவற்றில் 10 முதல் 20 சதவீதக் கிராமங்களில், தலித்துகள் பொதுச்சாலையில் சைக்கிள் ஓட்டுவது, குடை பிடிப்பது, செருப்பு அணிவது போன்றவற்றுக்குத் தடை இருந்ததாக அந்த ஆய்வு பதிவு செய்தது. இந்தத் தடைகள் எங்கும் எழுதி ஒட்டப்பட்டவை அல்ல. தெருமுனை வந்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றும். அந்த அளவுக்குப் பழக்கியிருந்தார்கள்.

நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி, ஓமலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலான கிராமங்களின் அமைப்பு ஒன்றுதான். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். மளிகைக் கடை, ரேஷன் கடை, மாவு மில், பால் சொசைட்டி எல்லாம் ஊருக்குள். அரை கிலோ பருப்பு வாங்கினாலும் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. அதைத் தலையில் சுமப்பதா, ஆட்டோவுக்குக் காசு கொடுப்பதா, கேரியரில் கட்டி ஓட்டுவதா? கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்குக் கேரியர்தான் கட்டுப்படியாகும்.

அந்தக் கேரியரில் ஏறும் சுமைக்கு இரண்டு வரலாறு உண்டு.

ஒன்று ஏவல். பண்ணையத்து வீட்டில் ஒரு சாவு என்றால், சுற்றுவட்டத்துச் சொந்தக்காரர்களுக்கு எழவு சொல்லப் போனது நம் ஆள்தான். முதலில் நடந்து போனார்கள், பிறகு சைக்கிளில் போனார்கள். சந்தையிலிருந்து புண்ணாக்கு மூட்டையும் காய்கறிக் கூடையும் கொண்டுவந்து இறக்கியதும் நம் ஆள்தான். இதற்குக் கூலி என்று ஒன்றைக் கேட்க முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையங்களில் ஆடு மேய்த்த நம் சிறுவர்களைப் பெருமாள்முருகன் 'கூள மாதாரி' நாவலில் எழுதினார். அந்தச் சிறுவர்களின் வயதிலேயே ஏவலும் தொடங்கிவிடும்.

இன்னொன்று நம் சொந்தச் சுமை. நம் காசில், நமக்குப் பிடித்த கடையில், நமக்கு வேண்டியதை வாங்கி, நம் வண்டியில் கொண்டுவருவது. இரண்டிலும் சைக்கிள் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். ஏவல் மூட்டையோடு போகிறவனை ஊர் கண்டுகொள்ளாது. தன் வீட்டுக்கு மீன் வாங்கித் தொங்கவிட்டுக்கொண்டு மணியடித்து வருகிறவனைத்தான் "யார்றா அவன்?" என்று கேட்கும். ஊருக்கு உறுத்துவது மூட்டையின் சொந்தக்காரன் யார் என்பதுதான்.

இதைப் பாபாசாகேப் அனுபவித்திருக்கிறார். 1929-இல் பம்பாய் அரசின் விசாரணைக் குழு வேலையாகப் போய்த் திரும்பும் வழியில் சாலிஸ்கானில் இறங்கினார். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தருகே சக்கரம் தட்டி, பாபாசாகேப் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. அப்போதே அவர் வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர். அடுத்தவர் வண்டியை நம்பியிருக்கும்வரை அந்தப் படிப்புக்கும் மரியாதை கிடைக்கவில்லை. சொந்தமாக இரண்டு சக்கரம் இருப்பதன் மதிப்பை இங்கிருந்துதான் நாம் அளக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த மதிப்பு இரட்டிப்பு. புதுக்கோட்டையில் 1991 முதல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள், குழந்தையை முன்பாரில் உட்காரவைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. சரக்கைக் கூடுதல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம்கூட 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகுதான் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லோரும் பைக்கில் போகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் புகார் சொன்னது. வண்டியின் விலை ஏறியிருக்கிறது, எரிச்சல் அப்படியே இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் பஸ் காலனிக்குள் வருவதில்லை, அரிசி மூட்டையை வாசலில் இறக்குவதும் இல்லை. பெட்ரோல் போட வழியில்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளின் வண்டி சைக்கிள்தான். அதைப் பார்த்து நம் பிள்ளைகள் கூச்சப்படக் கூடாது.

ஊர்விலக்கு வரும்போது சைக்கிளின் தேவை இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு வழக்குப் போட்டோம், ஒரு கோயில் கதவைத் தட்டினோம் என்றால் முதலில் மூடப்படுவது மளிகைக் கடைதான். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் 2016 முதல் அதே சட்டத்தின் கீழ்க் குற்றம். வழக்கு நடக்கும்வரை அடுப்பு எரிய வேண்டுமே! ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் உழவர் சந்தைகளுக்குப் போய்வர நான்கு சைக்கிள் இருக்கும் காலனி, உள்ளூர்க் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

அதனால் நாம் செய்ய வேண்டியவை:

ஒன்று, இறங்கச் சொன்னால் தனியாக நின்று சண்டை போடாதீர்கள். நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள் ஆகியவற்றை எழுதி, அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் பிரிவு 4-இன் கீழ்த் தண்டனை உண்டு. 14566 என்ற தேசிய உதவி எண்ணையும் காலனியில் எழுதி வையுங்கள்.

இரண்டு, ஏவலையும் உதவியையும் பிரித்துப் பாருங்கள். "தம்பி, சைக்கிள்லதானே போற, இத வாங்கிட்டு வந்துடு" என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுப் பையன் நம் வீட்டுக்கு இதே வேலையைச் செய்வானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்வான் என்றால் அது உதவி, தாராளமாகச் செய்யலாம். செய்ய மாட்டான் என்றால் அது வேலை. வேலைக்குக் கூலியை முன்கூட்டியே பேச வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை எந்தக் கூலிக்கும் அனுப்பக் கூடாது.

மூன்று, பள்ளியில் கிடைத்த சைக்கிள் செயின் துருப்பிடித்துச் சுவரோரம் கிடக்க விடாதீர்கள். பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் கற்றுக்கொண்டு, மாலையில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள்.

நான்கு, கிராமசபையில் காலனிக்குத் தெருவிளக்கும் பகுதிநேர ரேஷன் கடையும் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாரச் சாமானோடு நம் அக்கா ஒருத்தி ஊர்த்தெரு நடுவில் மணியடித்துப் போக வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுவரை இந்தப் பேச்சு தொடரும்.

ஜெய்பீம்.